கிராங்க்கின் தேயாத இடங்கள்

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிராங்க் ஷாஃப்டுகளைப் பார்க்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி, இது எந்த எஞ்சினுடையது என்பதுதான். கரியும் ஆயிலும் படிந்து எல்லாம் ஒரே நிறம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்குச் சீட்டு கிடையாது. பழைய காரை மீட்டெடுக்க வருபவர் இரும்பின் மேல் புடைத்து நிற்கும் எண்ணைத் தேடுகிறார். தொழிலில் ஊறியவர்களோ அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் வரிசைதான் சரி. அந்த எண் பெரும்பாலும் காய்ச்சி அச்சில் அடித்த முரட்டுத் துண்டுக்கு உரியது. கடைசல், துளை, கிரைண்டிங் எல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை. ஒரே அச்சில் அடித்த துண்டை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு எஞ்சின்களுக்குக் கொடுக்க முடியும் என்கிறபோது, எண் பிறந்த அச்சைச் சொல்லுமே தவிர, முடிந்த பாகத்தைச் சொல்லாது.

வண்டியின் பெயராவது உதவுமா? ‘அம்பாசிடர் கிராங்க்’ என்று கேட்பது வழக்கம். ஆனால் தொடக்க கால அம்பாசிடரில் இருந்தது 1476 சிசி சைடு வால்வ் எஞ்சின், அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 87 மிமீ. பின்னர் வந்த 1489 சிசி எஞ்சினுக்கு 88.9 மிமீ. தொண்ணூறுகளில் சேர்ந்த 1817 சிசி இசுசூ எஞ்சினுக்கு 82 மிமீ. ஆக ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று ஸ்ட்ரோக்குகள். இதில் 87-க்கும் 88.9-க்கும் உள்ள வித்தியாசம், ஸ்ட்ரோக்கில் பாதியளவே விலகி நிற்கும் கிராங்க் பின்னின் மையத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அனுபவசாலியின் கண்ணே போதும் என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கில் அமரும் மெயின் ஜர்னல் மூன்றா ஐந்தா, பின்முனை ஃபிளாஞ்சில் எத்தனை துளைகள் என்பதையெல்லாம் கண் சொல்லிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல டயல் கேஜ்தான் வேண்டும்.

ஸ்ட்ரோக்கை அளக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரு முனை மெயின்களையும் வி-பிளாக்கில் உட்கார வைத்து, பின்னின் மேற்பரப்பை உச்சியில் ஒரு முறை, அரைச்சுற்று திருப்பி அடியில் ஒரு முறை அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஸ்ட்ரோக். ஏற்கெனவே பத்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, கிரைண்டிங் செய்த பின்னாக இருந்தால் இரண்டு அளவுகளும் ஐந்து தௌ குறையும், வித்தியாசம் மாறாது. மையம் விலகாமல் கிரைண்டிங் செய்திருக்கும்வரை, எத்தனை முறை எஞ்சினைப் பிரித்திருந்தாலும் இந்த அளவு அப்படியே நிற்கும். ஜர்னலின் விட்டமோ ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் குறைகிறது. அடையாளத்தை முதலில் தேயாத இடத்தில் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்காக ஸ்ட்ரோக் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அர்த்தமில்லை. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி தயாரித்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. எம்ஜிஏ, எம்ஜிபி கார்களின் எஞ்சின்களும் அதே குடும்பம். 1200 முதல் 1798 சிசி வரை சிலிண்டரின் உள்விட்டமான போரைத்தான் பெரிதாக்கினார்கள். ஸ்ட்ரோக் எல்லாவற்றிலும் 88.9 மிமீ. குடும்பம் தெரிந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்கத் தேயும் இடங்களுக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் தேய்மானத்துக்கும் எல்லை உண்டு. 1489-இன் மெயின் ஜர்னல் 2 அங்குலம். 1964 அக்டோபர் வரை எம்ஜிபியில் இருந்த மூன்று மெயின் கிராங்க்குக்கு 2.125 அங்குலம். பேரிங் கிடைப்பது வழக்கமாக நாற்பது தௌ அண்டர்சைஸ் வரைதான். அந்த எல்லைவரை கிரைண்டிங் செய்தாலும் பெரியது 2.085-க்குக் கீழே போகாது. சிறியதோ 2-க்கு மேலே ஏற வழியே இல்லை. மைக்ரோமீட்டரை வைத்ததும் வழக்கு தீர்ந்துவிடுகிறது.

அடையாளம் தெரிந்த பிறகுதான் உடல்நிலை. ஜர்னலைச் சுற்றிலும் அளந்து ஓவாலிட்டி பார்ப்பது, இரு ஓரங்களிலும் அளந்து டேப்பர் பார்ப்பது எல்லோரும் செய்வதே. விரிசல்தான் கவலை தருவது. கிராங்க் பின்னும், அதைத் தாங்கும் பக்கத்தட்டான வெப்பும் கூடும் வளைவில், அதாவது ஃபில்லட்டில், மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பொடி தூவினால், விரிசலில் தங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடு விழும். எளிய சோதனை, ஆனால் மயிரிழை விரிசல் இதற்குச் சிக்காமல் போகலாம். காந்தத்தூள் சோதனை செய்யும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பாமல் ஒரு கிராங்க்கை எஞ்சினில் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதிதாகவே ஒன்றைக் கடைந்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பணம் இருந்தால். ஆனால் புதியதைக் கடைவதற்கும் இதே அளவுகள்தான் வேண்டும். பின்முனையில் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் திருகுமரை எந்தப் பக்கம் சுற்றுகிறது, ஃபில்லட்டின் ரேடியஸ் என்ன என்பதெல்லாம் பழைய கிராங்க்கிலிருந்துதான் தெரியவரும். எதற்கு மாதிரி எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் தவறான பாகமே புதிதாகக் கிடைக்கும். கிரைண்டிங் பட்டறைகள் மெயினும் பின்னும் எத்தனை தௌ அண்டர்சைஸ் என்று வெப்பில் குத்தி அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஸ்ட்ரோக்கையும் எஞ்சினின் சிசியையும் குத்த இரண்டு நிமிடம் போதும். அடுத்து அதை வாங்குகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.