ஊர் கூடி அழுத அரங்கு

'லெய்தூர்கியா' என்னும் கிரேக்கச் சொல்லே நமது திருவழிபாட்டிற்குப் பெயராயிற்று. அச்சொல் ஆலயத்தில் பிறந்ததன்று என்று குருமடத்தில் பயின்ற நாள்களில் அறிந்தபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று. ஏதென்சு நகரில் செல்வர் ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு ஊருக்கு ஆற்றும் கடமைக்கே அப்பெயர் வழங்கியது. போர்க்கப்பல் ஒன்றை ஓராண்டுக் காலம் பேணுவது அத்தகைய கடமை. துன்பியல் நாடகத்தின் பாடகர் குழுவுக்கு உடையும் பயிற்சியும் தருவதும் அவ்வகைக் கடமையே. கப்பல் இல்லையேல் நகரம் இல்லை என்று எண்ணிய அம்மக்கள், கூடி அழுவதற்கு ஓர் அரங்கு இல்லையேலும் நகரம் இல்லை என்று எண்ணினார்கள் போலும்.

இந்நாடகம் தோன்றியதும் வழிபாட்டில்தான். டயோனிசஸ் என்னும் தெய்வத்தைக் குழுவாகப் பாடியோருக்கு முன்னின்றவர்களிடமிருந்து அது வளர்ந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். 'திராகோதியா' என்னும் பெயருக்கு 'ஆட்டுப் பாடல்' என்பது பொருள். ஆடு பரிசாகத் தரப்பட்டதா, பலியிடப்பட்டதா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். கி.மு. 534 அளவில் தெஸ்பிஸ் என்பவர் குழுவினின்று பிரிந்து தனித்து நின்று பேசினார் என்பது மரபு. ஈஸ்கிலஸ் இரண்டாம் நடிகரையும், சொபோக்கிளிஸ் மூன்றாமவரையும் சேர்த்தனர். நடிகருக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹிப்போகிரித்தேஸ்'. மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் வெளிவேடக்காரரைக் கடிந்துரைக்கும் இடத்தில் நிற்பதும் இச்சொல்லே. முகமூடி அணிந்து நடித்தவர்கள் அல்லவா!

ஆயினும் அம்முகமூடிகளைக் கண்டு மக்கள் சிந்திய கண்ணீர் வேடமன்று. கி.மு. 494-இல் பாரசீகர் மிலேத்து நகரை வீழ்த்தினர். (பிற்காலத்தில் பவுலடியார் எபேசு மூப்பரிடம் விடைபெற்ற அதே மிலேத்துதான்.) அது ஏதென்சுக்கு உறவுடைய நகரம். ஃப்ரினிக்கஸ் என்னும் கவிஞர் அவ்வழிவை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். சொந்த வீட்டுத் துயரை நினைவூட்டிய குற்றத்திற்காகக் கவிஞருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்தார்கள். அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்றும் தடுத்தார்கள்.

அடுத்து நிகழ்ந்ததை எண்ணும்போதெல்லாம் நமது உள்ளம் சற்றே நின்றுவிடுகிறது. கி.மு. 480-இல் அதே பாரசீகர் ஏதென்சுக்குள் புகுந்து அக்ரோப்போலிஸ் குன்றின் கோவில்களுக்குத் தீயிட்டனர். அவ்வாண்டிலேயே சலாமிஸ் கடற்போரில் தோற்றனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், மராத்தான் களத்தில் போரிட்டவரான ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். செலவை ஏற்றவர் இளைஞரான பெரிக்கிளிஸ். கதை நிகழும் இடமோ ஏதென்சு அன்று. பகைவரின் தலைநகராகிய சூசா! அங்கே அரசனின் தாய் மகனுக்காகக் கலங்குகிறாள். முதியோர் குழு மாண்ட வீரர்களைப் பெயர் சொல்லிப் புலம்புகிறது. பார்த்தவர்கள் குன்றின் தெற்குச் சரிவில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னே, மேலே, எரிந்த கோவில்களின் இடிபாடு. வெற்றிப் பெருமிதமும் அந்நாடகத்தில் உண்டு என்பாரை நாம் மறுக்கவில்லை. எனினும், தம் வீட்டுக்குத் தீயிட்டவனின் தாய் அழும் குரலை ஓர் ஊர் முழுதும் அமர்ந்து கேட்டது. அதற்கு முதற்பரிசும் தந்தது. பகைவரை நேசியுங்கள் என்ற மலைப்பொழிவுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

மற்றுமொரு சொல் உண்டு. துன்பியல் தலைவன் கொடியவனாக இருத்தலாகாது, ஏதோ ஒரு 'ஹமார்த்தியா'வால் வீழ்கிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. புதிய ஏற்பாட்டில் 'பாவம்' என்று நாம் வாசிப்பதும் இச்சொல்லே. ஆனால் மறைக்கல்விப் பொருளை அரங்கில் ஏற்றினால் ஈடிப்பஸ் மன்னனுக்கு நாம் அநீதி இழைப்போம். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற வாக்கைக் கேட்டு, அது நேரலாகாதென்று அஞ்சி ஓடியவன் அவன். அந்த ஓட்டமே அவனை அதில் கொண்டு சேர்த்தது. அறியாமல் தவறியதைத்தான் அரிஸ்டாட்டில் அச்சொல்லால் குறித்தார்.

இழவு வீடுகளில், "நாங்கள் என்ன பாவம் செய்தோம் சாமி?" என்று கேளாத தாய் அரிது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதாக யோவான் எழுதுகிறார். அங்கும் அதே சொல்வேர்தான். இருவரும் அல்லர் என்றே ஆண்டவர் மறுமொழி கூறினார். உயிர்ப்பின் நம்பிக்கை இல்லாத அரங்கு அது. அங்கே மூன்றாம் நாள் கிடையாது. ஆயினும் பாடகர் குழு பெரும்பாலான நாடகங்களில் இறுதிவரை அகலுவதில்லை. பல வேளைகளில் அதனிடம் தக்க விடையும் இருப்பதில்லை. துன்புறுபவர் அருகே நிற்கிறது, அவ்வளவே. அடக்கத் திருப்பலி மறையுரையில் முதல் வரியிலேயே மூன்றாம் நாளுக்குத் தாவிவிடும் போதகர்கள், பெரிய வெள்ளிக்கு உரிய நேரத்தைத் தாய்மாருக்கு மறுக்கிறார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

யூரிப்பிடிஸின் 'பாக்கஸ் பெண்டிர்' நாடகத்தில், வெறியால் அறிவிழந்து தன் மகனையே கொன்ற அகவே, தெளிவு பெற்று அவன் உடலைக் கண்டு புலம்புகிறாள். அப்புலம்பலின் பெரும்பகுதி ஏட்டில் சிதைந்துபோயிற்று. பைசாந்தியக் கிறிஸ்தவர் ஒருவரோ 'துன்புறும் கிறிஸ்து' என்னும் நாடகத்தை இயற்றியபோது, சிலுவையடியில் நிற்கும் அன்னை மரியாவுக்கு யூரிப்பிடிஸின் அடிகளை எடுத்தாண்டார். அகவேயின் இழந்த சொற்களை இன்று அறிஞர்கள் தேடுவது மரியன்னையின் அந்த அழுகையில்தான்.