மைசூரில் பன்னிரு மாதமும் பசுமை

மைசூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடையின் உச்சியிலும் நண்பகல் வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டியே நிற்கும். மார்கழி இரவுகளில் 16 டிகிரி அளவிற்குக் குறையும். 2014-இல் அரசுமுறைப்படி 'மைசூரு' எனப் பெயர் பெற்ற இந்நகரில் குடியேறிய நம்மவர் சிலர், "நம் ஊர்க் காய் இங்கே விளையாது" என்று கருதிக் கொல்லையை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். மண் மறுக்கவில்லை, மாறியிருப்பது மழையின் காலமே.

தமிழகக் கடற்கரை மாவட்டங்களுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலுமே பெருமழை. மைசூரிலோ சித்திரை, வைகாசியில் இடியுடன் தொடங்கும் மழை, கார்த்திகைக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆதலின் கத்தரி, மிளகாய் விதைகளை ஆனியில் நாற்றங்காலில் தூவி, ஆடியில் பறித்து நடுதல் நலம். மழைக்குப் பின் வரும் குளிர்காலம் கொத்தமல்லி, வெந்தயக் கீரை, முள்ளங்கி, அவரை ஆகியவற்றிற்கு உகந்தது. மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, புடல் ஆகியவற்றை ஊன்றலாம். தண்டுக்கீரை எல்லா மாதமும் வளரும்.

கோடையில் கொத்தமல்லி விரைவில் பூத்து, இலை குன்றிவிடும். விதையை இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து, பிற்பகல் நிழல் விழும் இடத்தில் இரு வாரத்திற்கு ஒருமுறை சிறிதளவே விதைத்து வாருங்கள். ஒரு பாத்தி பூக்குமுன் மற்றொன்று கைக்கு வரும். புதினாவும் கற்பூரவல்லியும் தண்டை ஒடித்து நட்டாலே தழைக்கும். செடியடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும்.

இங்குள்ளோர் கீரையைச் 'சொப்பு' என்பர். சதகுப்பைக் கீரையாகிய 'சப்பசிகே சொப்பு' இவர்தம் சமையலில் மிகுதியும் இடம்பெறுவது. நம் வீட்டுப் பருப்புடனும் அது நன்கு பொருந்தும். அண்டை வீட்டாரிடம் ஒரு பிடி விதை கேட்டு வாங்குவதும், நம் விதையில் ஒரு பிடி கொடுப்பதும் மொழி கடந்த நட்பிற்கு வாயிலாகும்.

விதை காத்தல் சிறு செயலன்று. புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளை வாழை, வாடல் நோயால் வெகுவாக அருகிப்போயிற்று. ஓர் ஊரின் சுவை, பயிரிடுவோர் குறையக் குறைய மறைந்துபோகும். எனவே உங்கள் கொல்லையில் நோயற்று நன்கு காய்க்கும் கத்தரிச் செடியில் ஒரு காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். அதன் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். பிறந்த ஊரின் விதை புகுந்த ஊரின் மண்ணில் வேர்கொண்டால், நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் சொந்த ஊராகும்.