எண்ணெய் நெத்தியும் ஸ்டிக்கர் பொட்டும்

அம்பத்தூர்ல உக்காந்துக்கிட்டு பனிச்சறுக்கு பத்தி ஒரு பதிவான்னு சிரிக்காதீங்க மக்களே. எங்க ஏரியாவில் பனி என்றால், மார்கழி காலையில் பால் வாங்கப் போகிற தாத்தாக்கள் மஃப்ளர் கட்டும் அளவுக்குத்தான். ஆனாலும் எங்கள் வீட்டுப் பரணில், கொலுப்படிப் பலகைகளுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி டூரிங் ஸ்கீ கிடக்கிறது. மியூனிக்கில் ஆன்சைட் இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு அம்மா இன்னும் திட்டுறாங்க.

டூரிங் என்றால் லிஃப்ட் இல்லாத மலையில் நாமே ஏறி, பிறகு சறுக்கி இறங்குவது. ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்று நீளமாக ஒரு பட்டையை ஒட்டவேண்டும். அந்தக் காலத்தில் நிஜமாகவே சீல் தோல். இப்போது மோஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு முடி, இல்லாவிட்டால் நைலான். முடியெல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். முன்னால் தள்ளினால் நழுவும், பின்னால் வந்தால் சிலிர்த்துக்கொண்டு பிடிக்கும். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பாருங்க, புரியும் (பிறாண்டினால் நான் பொறுப்பில்லை :-)). மறுபக்கம் காயாத பசை. ஒட்டலாம், உரிக்கலாம், திரும்ப ஒட்டலாம்.

சிக்கல் என்னவென்றால், இறங்கும்போது நன்றாகச் சறுக்க அதே அடிப்பக்கத்தில் மெழுகு பூசியிருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் குல்மர்க்கில் பனியே இல்லை. டிக்கெட்டை கேன்சல் பண்ணலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பிப்ரவரியில் கொட்ட ஆரம்பித்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மாவின் அயர்ன் பாக்ஸில் மெழுகை உருக்கித் தேய்த்தேன். நன்றாக ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, இனிமேல் தூள் வராது என்கிற வரைக்கும் பிரஷ் போடவேண்டும். உள்ளே இறங்கினது போதும், மேலே நிற்பதெல்லாம் வேஸ்ட். எல்லாம் தெரியும். ஆனால் காலையில் ஃப்ளைட். ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூட்டை கட்டினேன். அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாங்க.

"இது மேலயாடா அந்தப் பட்டைய ஒட்டப் போற? எண்ணெய் தேய்ச்ச நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

ஆமாம், அப்படியேதான் சொன்னேன்.

குல்மர்க்கில் கொண்டோலாவில் கொங்தூரி வரை போய், அங்கிருந்து நடை. நாங்கள் நாலு பேர், ஒரு உள்ளூர் கைடு. இருபது நிமிஷம் ஜோர். அப்புறம் இடது ஸ்கீயின் வால்பக்கம் பட்டை உரிந்தது. இடுக்கில் பனி போனது. துடைத்து ஒட்டினேன், பத்தடியில் மறுபடி உரிந்தது. திருப்பிப் பார்த்தால் பசை முழுக்க வெள்ளை வெள்ளையாக என் மெழுகு. கொஞ்ச நேரத்தில் வலதும் போச்சு. ஒரு அடி வைத்தால் ரெண்டு அடி பின்னால் வழுக்கல்.

இதில் வெட்கத்தை விடப் பெரிய விஷயம் வேறு. முந்தின வருஷம், 2023 பிப்ரவரி 1 அன்று, இதே அஃபர்வத் மலையில் பனிச்சரிவில் போலந்து ஸ்கீயர்கள் ரெண்டு பேர் இறந்துபோனார்கள். சரிவுக்கு அடியில் கும்பலாக நிற்கக்கூடாது என்பது பாலபாடம். எனக்காக நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கைடு என் ஸ்கீயைப் பார்க்கவில்லை, மேலே சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எங்களை ஒரு மேட்டுக்கு நகர்த்தினார். ஸ்கீயின் அடியைச் சுரண்டினார், பட்டைகளை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடு பண்ணச் சொன்னார், ரப்பர் ஸ்ட்ராப் போட்டுக் கட்டினார். நின்றது. ஆனால் நேரம் போயிருந்தது. "வாபஸ்" என்றார். எல்லோரும் இறங்கினோம். அதில் ஒருத்தன் இந்த ஒரு வாரத்துக்காக வருஷம் பூரா லீவு சேர்த்தவன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து, ஸ்கூல் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரைப் பசை மேல் விரித்து அயர்ன் பண்ணினேன். மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேப்பரில் ஏறியது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாங்க. மலையில் நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை.

"நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டாங்க.

"நிக்கலம்மா."

டிஸ்கி: அம்மாவுக்குப் புது அயர்ன் பாக்ஸ் வாங்கியாச்சு. பழசு பரணில், ஸ்கீக்குப் பக்கத்தில்.