ஸ்விஃப்ட்டுக்கு ரேஸ் சீட்டு தேவையா?

புது கார் வாங்கின பசங்களுக்கு சவுண்ட் சிஸ்டமும் அலாய் வீலும் அலுத்துப் போனா, அடுத்து கண்ணுல படுறது ரேஸ் சீட்டு. அதாங்க, ரெண்டு பக்கமும் தொடையை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, தோள்பட்டைகிட்ட ரெண்டு ஓட்டையோட இருக்குமே, பக்கெட் சீட்டு. எங்க அக்கா பையனுக்கும் அந்த ஆசை வந்தது. அவன்கிட்ட இருக்கறது 2024 ஸ்விஃப்ட். "மாமா, ஜி.பி. ரோடு வரைக்கும் வாங்க, நீங்கதான் நல்லா பேரம் பேசுவீங்க"ன்னான். மயிலாப்பூர்லேர்ந்து ராயப்பேட்டையைத் தாண்டினா ஜி.பி. ரோடு. போனோம்.

"பழைய சீட்டைக் கழட்டி, ஃபிரேம் அடிச்சு, புதுசை மாட்டணும். ரெண்டு மணி நேர வேலை சார்"னு ஒரு கடையில சொன்னாங்க. ஏர்பேக் என்ன ஆகும்னு கேட்டேன். "மீட்டர்ல லைட்டு எரியும். ஒரு ரெசிஸ்டர் போட்டா அணைஞ்சிடும்"னு சாதாரணமா பதில் வந்தது.

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். 2024 மே மாசம் வந்த அந்த ஸ்விஃப்ட்ல எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக். அதுல முன்பக்க சைடு ஏர்பேக் ரெண்டும் இருக்கறது சீட்டோட முதுகுப்பகுதிக்குள்ளதான். சீட்டைக் கழட்டினா அதுவும் கூடவே போயிடும். ரெசிஸ்டர் போட்டா கம்ப்யூட்டர் ஏமாறும், லைட்டு அணையும். ஆனா பக்கவாட்டுல ஒரு லாரி இடிச்சா, விரிய அங்கே பை இருக்காது. பெல்ட் போடலைன்னா கத்துற அலாரத்துக்கான ஒயரும் அந்த இடத்துலதான் ஓடுது. நிறைய கார்ல பெல்ட்டை மாட்டுற பக்கிளே சீட்டு ஃபிரேமோட சேர்ந்திருக்கும்.

சரி, அந்த ரெண்டு ஓட்டை எதுக்கு? இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓடுற ரேஸ் காரைப் பார்த்தா புரியும். ரெண்டு தோளுக்கும் தனித்தனிப் பட்டை, இடுப்புக்குப் பட்டை, கால் நடுவுல பட்டைன்னு டிரைவரை சீட்டோட கட்டிப் போட்டிருப்பாங்க. தோள்பட்டை வர்ற வழிதான் அந்த ஓட்டை. தலையில ஹெல்மெட், கழுத்தைக் காக்க ஒரு சாதனம், கூரை நசுங்காம இருக்க இரும்புக் கூண்டு. இத்தனையும் சேர்ந்தாத்தான் அது ஒரு செட். கூண்டு இல்லாத கார்ல தோளை இறுக்கிக் கட்டிக்கிட்டா, வண்டி உருண்டு கூரை இறங்கும்போது உடம்பு சாய வழியில்லை. எஃப்.ஐ.ஏ. 8855-1999 தரத்துல வர்ற ரேஸ் சீட்டுக்கு ஆயுளே தயாரிச்ச நாள்லேர்ந்து 5 வருஷம்தான். அதுக்கு லேபிள் உண்டு.

நம்ம கார்லயும் ஒரு செட் இருக்கு: கம்பெனி சீட்டு, மூணு முனை பெல்ட், ஏர்பேக். மூணையும் ஒண்ணா வெச்சு இடிச்சுப் பார்த்துத்தான் விக்கிறாங்க. அதுல ஒண்ணை உருவிட்டா மத்த ரெண்டும் சொன்னபடி வேலை செய்யும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதையெல்லாம் விட அவனை யோசிக்க வெச்சது வேற. "டேய், சனிக்கிழமையானா பாட்டியைக் கபாலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியே, முழங்கால் வலியோட அவங்க இந்த மேடு மேல ஏறி எப்படிடா உக்காருவாங்க?"ன்னு கேட்டேன். "டிரைவர் சைடு மட்டும் போட்டுக்கறேனே மாமா"ன்னான். "அப்போ உன் சைடு ஏர்பேக் மட்டும் வேண்டாமா?"ன்னதும் பேச்சில்லை. உஸ்மான் ரோடு நெரிசல்ல 20 கி.மீ. வேகத்துல போறவனை, வளைவுல சரியாம எந்த சீட்டு தாங்கிப் பிடிக்கணும், சொல்லுங்க :-)

அப்படியும் போட்டே ஆகணும்னா, சைடு ஏர்பேக் இல்லாத பழைய காரா பாருங்க. முதுகு சாயுற மாதிரி சீட்டு எடுங்க. அந்தக் காருக்குன்னே செஞ்ச பிராக்கெட் வேணும், வெல்டிங் பட்டறை ஃபிரேம் வேண்டாம். ஸ்லைடர் ரெண்டு பக்கமும் பூட்டிக்கணும். பெல்ட் வயித்து மேல ஏறாம இடுப்பெலும்பு மேல படியணும். பேட்டரி ஒயரைக் கழட்டி சில நிமிஷம் கழிச்சுத்தான் சீட்டுக்கு அடியில இருக்கற மஞ்சள் கனெக்டர்ல கை வைக்கணும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு முன்னாடியே எழுத்துல தெரிவிச்சிடுங்க.

பையன் சீட்டு வாங்கலை. அந்தக் காசுல நாலு நல்ல டயர் போடப் போறானாம். வண்டியை ரோட்டுல பிடிச்சு நிறுத்தறது அதுதானே. டயருக்கு நானே பேரம் பேசறதா சொல்லியிருக்கேன்.