ஒப்புக்கொண்டான் என்ற சொல்

"சந்தேக நபர் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளதாகப் பொலிஸார் தெரிவித்தனர்" என்று பத்திரிகையில் ஒரு வரி வந்துவிட்டால், எங்களூர்த் தேத்தண்ணிக் கடைகளில் அந்த வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும். "அவனே ஏத்துக்கிட்டானாம்" என்பார் ஒருவர். அதற்கு மேல் கேட்க யாருக்கும் எதுவும் இருக்காது.

ஆனால் நமது நாட்டுச் சட்டம் இந்த ஒரு சொல்லில் எளிதில் திருப்திப்படுவதில்லை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதவானின் முன்னிலையில் சொன்னாலன்றி அதுவும் செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. அப்படிச் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதியை மாத்திரம் 27ஆம் பிரிவு உள்ளே விடுகிறது.

குற்றவாளிமீது சட்டத்துக்கு ஏன் இத்தனை இரக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. இது இரக்கத்தால் வந்த விதியல்ல. இதன் வேரைத் தேடிப்போனால் தமிழ் பேசும் மண்ணுக்கே வந்து சேர்வோம். சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணைக்குழு 1855இல் தனது அறிக்கையை வெளியிட்டது. வரி வசூலிப்பவரும் பொலிஸ் வேலை பார்ப்பவரும் ஒரே ஆட்களாக இருந்த காலம் அது. அந்த ஆங்கில அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் கிடக்கின்றன. ஒன்று கிட்டி: மரத்துண்டுகளுக்கிடையே கையையோ தொடையையோ வைத்து நெருக்குவது. மற்றது அண்ணாந்தாள்: கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்து ஆளைக் குனிந்தபடியே கிடக்க வைப்பது. ஆறு வருடங்கள் கழித்து, 1861இல், பொலிஸிடம் செய்யும் ஒப்புதல் செல்லாது என்ற விதி இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. 1872இல் இந்தியச் சான்றுச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் அது இலங்கைக்கு வந்தது. ஆகவே 25ஆம் பிரிவு புத்தகத்தில் பிறந்ததல்ல. அடிபட்ட உடம்புகளிலிருந்து பிறந்தது. ஒப்புதல் என்பது குற்றம் நடந்த இடத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அது பெறப்பட்ட அறையைப் பற்றியே அதிகம் சொல்லக்கூடும் என்பதை வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பகுதியில் இந்த அறைக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அது மொழி. சில வருடங்களுக்கு முன் என் மச்சான் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு முறைப்பாடு செய்யப் போனபோது நானும் கூடப் போனேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கு முக்கியமில்லை. அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். அரைகுறைத் தமிழில் கேட்டார், சிங்களத்தில் எழுதினார், புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி இடத்தைக் காட்டினார். "என்ன எழுதிரிக்கி சேர்?" என்று மச்சான் கேட்டார். "ஐடென்டி தொலைஞ்சது. அவ்வளவுதான்" என்றார் அவர். மச்சான் கையெழுத்து வைத்தார். அதில் எழுதியிருந்தது அடையாள அட்டையைப் பற்றித்தான் என்று நான் நம்புகிறேன். நம்புவதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. தொலைந்தது அடையாள அட்டை என்பதால் அதை மறந்துவிடலாம். அதுவே ஒரு கொலையாக இருந்திருந்தால்?

சிங்கராசா வழக்கு எழுப்புவதும் அந்தக் கேள்வியைத்தான். 1993இல் மட்டக்களப்பில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களில் ஒருவர் நல்லரட்ணம் சிங்கராசா. அதிகம் படிக்காத தமிழர். இராணுவ முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஒரு வாக்குமூலமும் அதில் அவரது பெருவிரல் அடையாளமும். அவருக்குச் சிங்களம் தெரியாது. சித்திரவதை செய்தே அதை வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். உடம்பில் தழும்புகள் இருந்ததை மருத்துவ அறிக்கையும் குறித்தது. 25ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் செய்த ஒப்புதலைச் செல்லுபடியாக்குகிறது. அது பலவந்தத்தால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையிலேயே வைக்கிறது. 1995இல் அவருக்கு 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவரது உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டது. அதை வைத்து அவர் மீண்டும் கதவைத் தட்டியபோது, 2006 செப்டம்பர் 15இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது.

அந்தத் திகதியைத் தாண்டி இரண்டாம் நாள், செப்டம்பர் 17, பொத்துவில் மறக்க முடியாத நாள். இரத்தல்குளத்தில் வேலைக்குப் போன எங்களூர்க் கூலித் தொழிலாளர்கள் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசு புலிகளைக் கைகாட்டியது. புலிகள் மறுத்தார்கள். ஊர் விசேட அதிரடிப்படையைச் சந்தேகித்தது. அதே ஆண்டு அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களில் எங்கள் பத்து ஜனாஸாக்களும் இருந்தன. அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்பட்டதாக இந்த ஊர் இதுவரை அறியவில்லை.

நான் என்னையே பல தடவை கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி உண்டு. அந்த நாட்களில் யாரோ ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, "இவன் ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? எந்த அறை, எந்த மொழி, எத்தனை நாள் அடி என்று கேட்டிருப்போமா? துக்கம் முற்றிய வீட்டுக்கு ஒரு பெயர் தேவைப்படும். அந்தத் தேவையைத்தான் பொய் வாக்குமூலம் நிறைவேற்றுகிறது. அதனால் ஒருவனுக்கு மட்டும் அநியாயம் நடப்பதில்லை. கொன்றவன் வெளியே நடமாடுகிறான். மையித்துக்குரியவர்கள் தவறான ஆளைச் சபித்துக்கொண்டே காலம் கழிக்கிறார்கள்.

கொலை வழக்கில் இப்படி நடந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்தியாவின் அக்ஷர்தாம் வழக்கு சான்று. 2002 செப்டம்பரில் காந்திநகர்க் கோயிலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அன்றைய பொடா சட்டமும் நமது சட்டத்தைப் போலவே மேல்நிலைப் பொலிஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை ஏற்றது. ஆறு முஸ்லிம்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் மூவருக்குத் தூக்கு. மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014 மே 16இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. ஒப்புதல்களை அது நம்பவில்லை. குண்டுகள் துளைத்த தாக்குதல்காரரின் உடையிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட உருதுக் கடிதங்களில் இரத்தக் கறையே இல்லாததையும் அது கவனித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இத்தனை வருடங்களும் கொடுக்கப்பட்டது ஒரு வெற்றுப் பெயர்ப் பட்டியல்.

நம் நாட்டிலும், 2015இல் கொட்டதெனியாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது, முதலில் ஒரு பாடசாலை மாணவனும் இன்னொருவரும் பிடிபட்டார்கள். பிறகு பிடிபட்ட மற்றொருவர் ஒப்புக்கொண்டதாகப் பொலிஸ் அறிவித்தது. மரபணுப் பரிசோதனை மூவரையும் விடுவித்தது. வேறொருவரே குற்றவாளியாகக் காணப்பட்டார். மரபணுத் தடயம் கிடைக்காத வழக்குகளில் அகப்பட்டவர்களுக்கு எது சாட்சி சொல்லும்?

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, அதுவரை தமிழ் இளைஞர்களின் கதையாக நாம் தூரத்தில் வைத்திருந்த 16ஆம் பிரிவு நம் வீட்டு முற்றத்துக்கும் வந்தது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தனது 'நவரசம்' தொகுப்பைக் காரணங்காட்டி 2020 மே மாதத்தில் கைதானார். பொய்யான ஒப்புதலைத் தரும்படி தன்னை வற்புறுத்தினார்கள் என்று அவர் சொன்னார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ்க் கவிதைகளே குற்றச்சாட்டாக மாறிய அந்த வழக்கை நமது இலக்கிய வட்டங்களில் எத்தனை பேர் உரத்துப் பேசினோம்? 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

மக்காவில் சித்திரவதை தாங்காமல் அம்மார் இப்னு யாஸிர் (ரழி) சொன்ன வார்த்தைகளுக்காக அவர் குற்றம் பிடிக்கப்படவில்லை என்பது நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. உள்ளத்தில் என்ன இருந்தது என்பதே அங்கே கேள்வியானது. பலவந்தத்தில் வந்த சொல்லுக்கு ஆள் பொறுப்பில்லை என்று மிம்பரில் கேட்கிறோம். பத்திரிகையைப் பிரித்ததும் அது மறந்துவிடுகிறது.

தமிழும் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில், எழுதப் படிக்கத் தெரிந்த நம்மால் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. பொலிஸ் நிலையத்துக்குப் போகும் அயலவருடன் கூடப் போவது. அவர் சொன்னதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது. அது நடக்காவிட்டால், கையெழுத்துக்கு முன் வரிவரியாக வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்பது. அடையாள அட்டை தொலைந்த முறைப்பாட்டிலேயே அதைக் கேட்டுப் பழகவில்லையென்றால், பெரிய வழக்கு வரும் நாளில் நம் நா எழாது.