சுரண்டப்பட்ட சாமந்தி

ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா துப்பாக்கிகளில், தோட்டா ஏறும் அறையின் மேல் பதினாறு இதழ்கள் கொண்ட சாமந்திப் பூ ஒன்று பொறித்திருக்கும். பேரரசரின் முத்திரை அது. 1945-ல் சரணடைந்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டி வந்தபோது அவர்கள் துப்பாக்கியைக் கொடுத்தார்கள், பூவைக் கொடுக்கவில்லை. பெரும்பாலானவற்றில் அதைத் தேய்த்து அழித்த பிறகுதான் கைமாறவிட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் அவற்றை நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் பென்சில்வேனியாவின் கன் ஷோக்களில் மேசைமேல் ஓர் அரிசாகா கிடந்தால், வருகிறவர் கை முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பூ முழுசாக இருந்தால் விலை அதிகம், தேய்ந்திருந்தால் குறைவு. இந்தக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததே இல்லை. ஒரு சாம்ராஜ்யம் முடிந்ததற்கான சாட்சி அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. அதற்குப் போய்த் தள்ளுபடியா?

ராணுவங்கள் கழித்துக்கட்டிய பழைய ரைபிள்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. ஊரில் சொன்னால் முகம் மாறுகிறது; மாறுவதில் நியாயமும் உண்டு. கென்னடி கொலையில் சிக்கிய இத்தாலியக் கார்கானோகூட இப்படிக் கழித்த சரக்குதான். 1963 மார்ச்சில் சிகாகோ கடையொன்றிலிருந்து தபாலில் வந்தது. குறிபார்க்கும் தொலைநோக்கியோடு 19.95 டாலர், தபால் கூலி தனி. 1968-ல் வந்த அமெரிக்கச் சட்டம் தபால் விற்பனையை நிறுத்தியது, ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் அடைத்தது. எண்பதுகளில் பழம்பொருள் என்ற கணக்கில் கதவு மறுபடி திறந்தது. ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கிகளுக்கென்று சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு 30 டாலர். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிடங்குகளிலிருந்து மோசின்-நகான்ட் ரைபிள்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. நூறு டாலருக்குக் கீழேயே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றும் காஸ்மோலின் என்ற பழுப்பு மசகில் முங்கி வரும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் போட்டால் உருகி வழியும். அது வடிந்த பிறகுதான் எழுத்துகள் தெரிய ஆரம்பிக்கும்: தூலா, இஷெவ்ஸ்க் என்று ஆலையின் பெயர், வருஷம், எண். 1942, 43-ல் செய்தவற்றில் கடைசல் தடம்கூட அப்படியே இருக்கும். மெருகேற்ற நேரமில்லை, போர்முனை காத்திருந்தது. போருக்குப் பின் அத்தனையையும் பிரித்துப் பழுதுபார்த்து, கட்டைக்குச் செவ்வரக்கு பூசி, போல்ட்டில் இருந்த பழைய எண்ணை அடித்துப் புது எண் போட்டார்கள். ஜெர்மானியரிடம் பிடித்த மௌசர்களுக்கும் இதே மரியாதைதான். ஸ்வஸ்திகாவின்மேல் உளியை வைத்துக் கொத்திவிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. மோசினின் உடற்பகுதியை அவர்கள் சொந்தமாகச் செய்ததே இல்லை. ரஷ்யாவின் உடலுக்குத் தங்கள் குழலைப் பொருத்தி, எஸ்.ஏ. என்று ஒரு கட்டத்துக்குள் முத்திரையிட்டு, அதே ரஷ்யாமீது சுட்டார்கள். ஜார் காலத்து இரும்பு இப்படி இரண்டு மூன்று கொடிகளுக்கு ஊழியம் செய்திருக்கிறது.

சுடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோள் வலிக்கும். பழைய தோட்டாவின் கேப்பில் இருக்கும் ரசாயனம் குழலில் உப்பாகப் படியும். அது ஈரத்தை இழுக்க, குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். பிரிட்டிஷ் ராணுவம் குழலுக்குள் கொதிநீர் ஊற்றத் தனியாகப் புனலே கொடுத்திருந்தது.

அம்மாவுக்கு இது எதுவுமே பொருட்டில்லை. "அதுல எத்தனை பேர் செத்தானோ, அதைப் போய் வீட்டுல வெச்சிருக்கியேடா" என்பது அவள் கட்சி. அதற்குப் பதில் கிடையாது. சுவிஸ் நாட்டுக் கே-31-ஐ மட்டும் அவளிடம் தைரியமாகக் காட்டலாம். அதன் அடிக்கட்டையின் முனையில் உள்ள இரும்புத் தகட்டைக் கழற்றினால், சிலவற்றில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டுப் பதில் வாங்கியவர்களும் உண்டு. அந்த நாடு இரண்டு உலகப் போர்களிலும் இறங்கவில்லை. சீட்டில் இருக்கும் ஆள் ராணுவக் கடமை முடிந்து வீட்டுக்குப் போனவராகத்தான் இருப்பார்.

கன் ஷோ மேசைகளில் இச்சாப்பூர் துப்பாக்கியைக் காணும்போது மட்டும் எனக்கு நடை நின்றுவிடும். வங்காளத்தில், ஹூக்ளிக் கரையில் செய்த .303 லீ-என்ஃபீல்டு. பழையவற்றில் மகுடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும், விடுதலைக்குப் பின் வந்தவற்றில் அசோகச் சிங்கங்கள். 1962-ல் சீனாவை எதிர்கொண்ட நம் ஜவான்களின் கையில் பெரும்பாலும் இருந்தது இதுவே. அந்தப் போருக்குப் பிறகு இதே வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். அவற்றிலும் ஏராளமானவை அமெரிக்கா வந்து சேர்ந்தன. இன்னொரு வகை என்னை உறுத்தும். வெள்ளைக்காரன் காலத்தில் காவலர்களுக்கென்று .303-ன் குழலை வழவழப்பாகக் குடைந்து .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். ராணுவத் தோட்டா அதற்கு உதவாது. தன் கூலியாளையே நம்பாத ஆட்சி எது என்று கேட்டால், அந்தக் குழலைக் காட்டினால் போதும்.

இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ள முடியாத ரகம். உரிமம் உள்ளவர்கூட 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்துவிட்டது. வேறு சில மாநிலங்களிலும் இதே கதைதான். தனிமனிதர் பாதுகாக்க முடியாத ஒன்றை அரசுதான் பாதுகாக்க வேண்டும். இப்படிக் கழித்து உருக்கப்போகும் குவியலிலிருந்து மகுடம் போட்டது ஒன்று, சிங்கம் போட்டது ஒன்று, .410 ஒன்று எடுத்துச் செயலிழக்கச் செய்து மாவட்ட அருங்காட்சியகங்களில் வையுங்கள். பக்கத்தில் ஆலையும் ஆண்டும் எழுதுங்கள். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.