இரட்டை இசைத்தட்டும் விடியவிடியக் கூத்தும்

1968 நவம்பரில் வெளிவந்த பீற்றில்ஸ் குழுவினரின் வெண்ணிற உறையிட்ட இரட்டை இசைத்தட்டில் 30 பாடல்கள் உள்ளன. அவற்றுட் பல, அவ்வாண்டின் முற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ரிஷிகேசத்திலே புனையப்பட்டவை. நல்லனவற்றை மட்டும் தெரிந்து ஒற்றைத் தட்டாக்கியிருக்கலாம் என்பது தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் கருத்து. இரசிகரும் அன்றுதொட்டு இவ்வழக்கையே நடத்தி வருகின்றனர். எவற்றை நீக்குவது என்பதிலேதான் இருவர் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலும் முதலில் வெட்டுண்பது, எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'றெவலூஷன் 9' என்னும் ஒலிக்கோவை.

குருநகரிலே நண்பர்கள் கூடி இதனைக் கேட்டபோதும் அதே வழக்கு எழுந்தது. கடற்றொழில் செய்யும் ஒருவர் மட்டும் எதனையும் வெட்ட உடன்படவில்லை. கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்களிலே ஊறிய செவி அவருடையது. நடுச்சாமத்திலே கூத்துத் தொய்யும். சிறுவர் பாயிலே உறங்குவர். பெரியவர் தேநீர் அருந்தப் போவர். அத்தொய்வு இல்லையேல் அடுத்துவரும் அரசன் வரவுக்கு எடுப்பேது என்றார்.

பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களிலே பேராதனையில் கூத்துக்களைச் சுருக்கி மேடையேற்றியதை எடுத்துக்காட்டினேன்.

"அது கூத்துத் தெரியாத ஆக்களுக்குச் செய்தது. எங்களுக்கு ஏன்?" என்றார்.

மறுமொழி எளிதன்று. எனினும் கூத்தின் தொய்வை ஊர்கூடித் தாங்குகிறது. தட்டின் தொய்வை அறையிலே ஒருவன் தனித்தல்லவா தாங்கவேண்டும்? ஆகவே நான் மார்ட்டின் பக்கமே சாய்கிறேன். ஆயினும் 14 பாடல்களைத் தெரியப் புறப்பட்ட என் பட்டியல் 22க்குக் கீழே இறங்க மறுக்கிறது. நண்பரோ, 'றெவலூஷன் 9' தொடங்கியதும் தேநீர் வைக்க எழுந்துவிடுகிறார்.